படலையில் கேட்கக் கூடாத கேள்வி

போன மாதம் கிளிநொச்சி அலுவலகத்திலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். "அக்கா, புதுப் பிள்ளையள் கொஞ்சப் பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கினம். ஒருநாள் வந்து உங்கட அனுபவத்தைச் சொல்லுவியளோ?" என்று ஒரு பெண் கேட்டாள். குரல் எனக்குப் பழக்கமில்லாதது. நான் இருந்த கதிரையில் இப்போது அவள் இருக்கிறாள் போலும். முழங்கால் நோவைச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு அந்த அலுவலகத்தில் இருந்து யாரும் என்னைத் தேடியதில்லை. அந்தச் சபலத்தில் ஓம் என்றுவிட்டேன்.

நெளுக்குளத்திலிருந்து விடிய வெள்ளெனப் புறப்பட்டு, வவுனியாவில் பஸ் மாறி, கிளிநொச்சியில் போய் இறங்கியபோதே பாதி உயிர் போய்விட்டது. மண்டபத்தில் பிள்ளைகள் மடியில் ரப்லெட்டுகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள். இனிமேல் கேள்விகளில் பாதியைத் தொலைபேசிக்கு அனுப்பப் போகிறார்களாம். ஆட்கள் தாங்களே வாசித்து, தாங்களே விடையை அழுத்துவார்களாம். முகம் பார்க்கத் தேவையில்லை. இதை எனக்கு மிகவும் மகிழ்ச்சியோடு சொன்னார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை எழும்பி, "அக்கா, ஆக்கள் உண்மையைச் சொல்லுவினமோ?" என்று கேட்டாள்.

"ஒழுங்காய்க் கேட்டால் சொல்லுவினம்" என்றேன். கை தட்டினார்கள். பிறகு தேநீரும் ஒரு ரோல்ஸும் தந்தார்கள்.

அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்ல அந்த மண்டபத்தில் எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு மீள்குடியேற்றம் முடிந்த காலத்தில், வன்னியின் பல ஊர்களில் இருந்து வளர்ந்த ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். அதே ஆட்களிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய், அதே கேள்விகளை, அதே சொற்களில், அதே ஒழுங்கில் கேட்க வேண்டும். நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, கோபம் வருகிறதா, கதைக்க ஆள் இருக்கிறதா, மனம் எப்படி இருக்கிறது. மருந்து கொடுப்பது எங்கள் வேலை இல்லை. அளப்பதுதான் வேலை. வருடங்கள் போகப் போக இந்த மண்ணின் மனிதர்களுக்கு மனம் ஆறுகிறதா, இல்லையா என்று பார்ப்பதுதான் நோக்கம். சனம் எங்களைக் கேள்விக்காரர் என்று கூப்பிட்டது. "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்து, இன்னும் துக்கமோ எண்டு கேட்டுப் போட்டுப் போற ஆக்கள்" என்று பூநகரியில் ஒரு ஐயா சொன்னார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அறிக்கையிலும் வாசித்ததில்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வவுனியாவில் ஒரு மேல்மாடியில் சில கிழமைகள் நடந்தது. தலையாட்டக் கூடாது, "ஐயோ பாவம்" என்று சொல்லக் கூடாது, கேள்வியைச் சுருக்கக் கூடாது. கையில் ஓர் அட்டை தந்தார்கள். ஒருநாளும் இல்லை, சில நாள், கனநாள், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் என்று நாலு விடைகள் அதில் இருந்தன. ஆட்கள் அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும், நாங்கள் அதை ரப்லெட்டில் பதிவோம். கேள்விகளில் மனப்பதற்றத்துக்குப் "பதகளிப்பு" என்று ஒரு சொல் இருந்தது. கேட்டால் எல்லோரும் எங்களை விழித்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு இருந்தது "யோசினை". "ஒரே யோசினை பிள்ளை" என்றால் நித்திரை இல்லை, பசி இல்லை, நெஞ்சு அடைக்கிறது எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தச் சொல்லைக் கேள்விக்குள் சேர்க்க எங்களுக்கு ஒரு முழுச் சுற்று, அதாவது இரண்டு வருடம், எடுத்தது.

இந்த வேலையை எனக்கு உண்மையில் பழக்கியவர் எங்கள் களப் பொறுப்பாளர். நாங்கள் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம். முன்பு கணக்குப் படிப்பித்தவர். மெலிந்த ஆள். சேலையை ஊசி குத்தி இறுக்கிக் கட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிழை விட்டால், "இன்னொருக்காச் சொல்லும், பாப்பம்" என்பார். அந்தப் "பாப்பம்" கேட்டால் நாங்கள் கேள்வியை முதலிலிருந்து திரும்ப வாசிப்போம்.

நாங்கள் போன வீடுகளில் சிலவற்றுக்கு அவர் பின்னால் தனியே போய் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார். என் முதல் பிழையை அப்படித்தான் பிடித்தார். பூநகரியில் ஒரு அம்மாவின் வீட்டுப் படலையில், வெளிவாசல் கதவடியில் நின்று, நான் வழக்கப்படி "சுகமோ அம்மா?" என்று கேட்டிருந்தேன். அவவும் வழக்கப்படி "ஓம் பிள்ளை, சுகம். வாங்கோ" என்றா. உள்ளே போய் இருந்து கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஒருநாளும் இல்லை". மிஸ் போய்க் கேட்டபோது வேறு விடைகள் வந்திருந்தன.

"நீர் படலையிலையே பதிலை வாங்கிப் போட்டீர், பத்மா" என்றார். "சுகம் எண்டு வாயால சொன்ன மனிசி, உள்ளுக்கு வந்து இருந்துகொண்டு எப்பிடிக் கதையை மாத்துறது? வந்த ஆளுக்கு முன்னால பொய்க்காரி ஆகிறதோ?"

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி வந்தது. படலையில் நின்று சுகம் விசாரிக்கக் கூடாது. இதை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் காண முடியாது, ஏனென்றால் அந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் ஊரில் படலையும் இல்லை, சுகம் கேட்கும் பழக்கமும் இல்லை. நாங்கள் வயல்காரரிடம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டோம். கடற்கரையில் காற்றைப் பற்றிக் கேட்டோம். தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை அட்டையை வெளியே எடுக்கவில்லை. விடுப்புப் பார்க்க, என்ன நடக்கிறது என்று அறிய, அயல்வீட்டு அம்மா வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டால், மிஸ் எழும்பி, "அடுத்த வீட்டுக்கு வழி தெரியேல்லை, ஒருக்காக் காட்டுவியளோ?" என்று அவவைக் கூட்டிக்கொண்டு நடந்துவிடுவார். அடுத்த வீடு கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும்.

இந்த விதி எனக்குள் எவ்வளவு ஊறியது என்றால், நான் வேலைக்கு வெளியிலும் யாரிடமும் சுகம் கேட்பதை விட்டுவிட்டேன். கலியாண வீட்டில் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். கனடாவில் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில், "உனக்கு ஒரு சுகம் கேக்கத் தெரியாதோ? வெதர் ரிப்போட் மாதிரிக் கதைக்கிறாய்" என்று கோபித்தாள். அவளுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது.

கேள்விகளில் கடைசியானதுக்கு வேறு ஒரு விதி இருந்தது. உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போவது நல்லது என்று நினைத்ததுண்டா என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு ஒருவர் ஒருநாளும் இல்லை என்பதைத் தவிர வேறு எதைத் தொட்டாலும், நாங்கள் அன்றைக்கே மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். மிஸ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குச் சொல்வார். அங்கிருந்து ஒரு உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போவார். நல்ல விதிதான். அதனால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

குணத்தின் வீட்டுக்கும் அந்த விதிப்படியேதான் போனார்கள்.

குணம் என்பது நான் வைத்த பெயர். முரசுமோட்டையில் ஒரு ஒழுங்கையில், குறுகிய தெருவொன்றில், இருந்தார். மனைவி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வந்தா. குணத்திடம் ஒரு வெள்ளை வான் இருந்தது. அயலில் உள்ள சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் திரும்ப ஏற்றி வருவார். எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எது சன்னல் பக்கம் இருக்க அடம் பிடிக்கும் என்று எல்லாம் மனப்பாடம். நான் முதல் இரண்டு தடவை போனபோதும் தன்னைப் பற்றிச் சொன்னதைவிடப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம்.

மூன்றாவது தடவை போனபோது வாடியிருந்தார். நெல் வெட்டு முடிந்த காலம். விறாந்தையில் இருந்தோம், வான் வளவுக்குள் நின்றது. கடைசிக் கேள்வியைக் கேட்டேன். அட்டையைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்து, "சில நாள்" என்பதில் விரலை வைத்தார்.

"பிள்ளையளை இறக்கிப் போட்டு, வெறும் வானோட திரும்பி வரேக்கதான் அக்கா" என்றார். "பிள்ளையள் உள்ளுக்கு இருந்து சத்தம் போட்டுக்கொண்டு இருந்தா ஒண்டுமில்லை. இறங்கின உடன வான் ஒரு மாதிரி ஆகிப்போடும்."

தலையாட்டக் கூடாது என்று படித்தவள் நான். ஆட்டவில்லை. "தம்பி, இதை நான் இண்டைக்கே மிஸ்ஸிட்டச் சொல்ல வேணும்" என்றேன்.

"சொன்னா என்ன செய்வினம்?"

"ஒரு உத்தியோகத்தர் வந்து உங்களோட கதைப்பார்."

"கதைக்கத்தானே? வரட்டும்" என்றார். முகத்தில் ஒரு சுமை இறங்கியது எனக்குத் தெரிந்தது. படலைவரை வந்து வழியனுப்பினார்.

வழக்கமாக அந்த உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில், யாரோ சொந்தக்காரப் பொடியன் போல வருவார். அந்தக் கிழமை அவர் விடுமுறையில் போயிருந்தார். காலம் தாழ்த்தக் கூடாது என்று நல்ல மனதோடு பிரிவில் இருந்து வாகனத்தை அனுப்பினார்கள். இரண்டு பக்கக் கதவிலும் "மனநல சேவை" என்று கொட்டை எழுத்தில் எழுதிய வாகனம். அது வந்த நேரம் பள்ளிக்கூடம் விட்ட நேரம். குணம் ஒழுங்கைக்குள் வானை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தார். வழி விடச் சொல்லி வாகனம் பின்னால் நின்று ஹோன் அடித்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்து நின்ற தாய்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாரதி தலையை வெளியே நீட்டி, குணத்தின் முழுப் பெயரையும் சொல்லி, "அது ஆர்?" என்று கேட்டான்.

வந்த டொக்டர் நல்லவர். வடிவாகக் கதைத்தார், மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை வானில் ஏறப் பிள்ளைகள் குறைவு. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "பிள்ளை இப்ப மாமி வீட்டில நிண்டு போகுது தம்பி." "சைக்கிள் பழக்கிப் போட்டம்." "எங்கட இவர் இனித் தானே ஏத்தி இறக்கிறாராம்." எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். விசரன் ஓட்டுகிற வானில் பிள்ளையை எப்படி ஏற்றுவது என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாரி தொடங்குமுன் வானை விற்றுவிட்டார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நாங்கள் அந்த வீடுகளுக்குப் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. போய்ப் பழகினால் பதில் மாறிவிடுமாம்.

அடுத்த சுற்றில் அந்த ஒழுங்கைக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்தார்கள், தண்ணீரைப் பற்றிக் கதைத்தார்கள். அட்டையை எடுத்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் விரலை வைத்தார்கள். ஒருநாளும் இல்லை. ஒருநாளும் இல்லை. ஒரு அம்மா நான் மூன்றாவது கேள்வியை வாசிக்கவும் விடாமல், "எல்லாத்துக்கும் அந்த ஒண்டையே போடும் பிள்ளை, எனக்கு அடுப்பில வேலை கிடக்கு" என்றா. முந்தின சுற்றில் தன் மகனை நினைத்து ஒரு மணித்தியாலம் அழுதவ அவ. எனக்கு உறுத்தியது. ஆனாலும் அவர்கள் சொன்னதைத்தானே நான் பதிய வேண்டும்.

சில மாதம் கழித்து அலுவலகத்தில் முடிவுகளைச் சுவரில் விழுத்திக் காட்டினார்கள். ஊர் ஊராகத் துக்கத்தின் அளவைக் காட்டும் கோடுகள். முரசுமோட்டைக் கோடு மற்றதெல்லாவற்றையும் விடச் சரசரவென்று இறங்கியிருந்தது. வெளியில் இருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் மிகவும் சந்தோஷப்பட்டார். அந்த ஊரில் அப்படி என்ன நல்லது நடந்தது என்று கண்டுபிடித்தால் மற்ற ஊர்களுக்கும் செய்யலாம் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். மிஸ் மட்டும் எழுதவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "பத்மா, நீர் அந்த வீடுகளுக்குப் போனனீரோ? இல்லாட்டி வீட்டில இருந்து விடையைப் போட்டனீரோ?"

எனக்கு முகம் எரிந்தது. வெயில், மழை, நாய்க்கடி எல்லாம் பட்டுச் செய்த வேலை. யாருடைய கண்ணீரையும் பார்த்து ஒரு சொட்டு விடாமல் எழும்பி வந்த வேலை. மாதம் ஒருமுறை எங்கள் மனத்தைப் பற்றிக் கதைக்க ஒரு கூட்டம் வைப்போம் என்றார்கள், அந்தக் கூட்டங்களில் நாங்கள் ரப்லெட்டுக்குச் சார்ஜ் ஏற்றுவதைப் பற்றித்தான் கதைத்தோம். அதைக்கூட நான் பொறுத்தேன். கள்ளி என்று கேட்டதைப் பொறுக்க முடியவில்லை.

"நாளைக்கே என்னோட வாங்கோ மிஸ்" என்றேன்.

"வாறன். அதுக்குத்தான் கேட்டனான்" என்றார். ஒரு மன்னிப்பும் இல்லை.

அடுத்த நாள் குணத்தின் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். வான் நின்ற இடத்தில் பயற்றங்காய்க்குப் பந்தல் போட்டிருந்தது. குணம் யாருடையதோ உழவு மெசினுக்கு முன்னால் குந்தியிருந்து பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது அதை ஓட்டித்தான் சீவியம். கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரை போட்டார்.

மிஸ் தானே கேட்டார். குணம் கேள்வி முடியும்வரை காத்திருக்கவில்லை. மிஸ் மூச்சு எடுக்கும்போதே "ஒருநாளும் இல்லை" என்றார். அட்டையைப் பார்க்கவும் இல்லை. பாதியில் மிஸ் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். குசினி அடுப்படிப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது.

குணம்தான் பேசினார். "மிஸ், நான் ஓம் எண்டு சொன்னா வாகனம் வரும். இல்லை எண்டு சொன்னா நீங்கள் போவீங்கள். எனக்கு நீங்கள் போறதுதான் நல்லம்."

பிறகு வாகனம் வந்த கதையைச் சொன்னார். கோபம் இல்லாமல், யாரோ ஒருவருக்கு நடந்ததைப் போலச் சொன்னார். தனக்கு நடந்ததைப் பார்த்த ஒழுங்கைச் சனம் முழுக்க என்ன பாடம் படித்தது என்பதையும் சொன்னார். மாத்திரை முடிந்த பிறகு கிளினிக்குக்குப் போகவில்லையாம். அந்த வரிசையில் நின்றால் ஊரில் யாராவது ஒருவர் காணாமல் விடமாட்டார்களாம்.

"நாங்கள் உங்களுக்குப் பிழை செய்து போட்டம்" என்றார் மிஸ். அவர் வாயில் இருந்து அப்படி ஒரு வசனம் வந்ததை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"நீங்கள் கேட்டதும் பிழையில்லை, டொக்டர் வந்ததும் பிழையில்லை" என்றார் குணம். "கதவில எழுதியிருந்ததுதான் மிஸ்."

மிஸ் அட்டையை நிமிர்த்தி மீதிக் கேள்விகளையும் கேட்டார். அவர் சொன்ன விடைகளையே பதிந்தார். எல்லாம் ஒருநாளும் இல்லை.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்க முடியவில்லை. "பொய் எண்டு தெரிஞ்சும் ஏன் மிஸ் அப்பிடியே போட்டனீங்கள்?"

"அந்தாள் சொன்னதை மாத்த எனக்கு உரிமை இல்லை" என்றார். "நம்பாமல் இருக்கிறதுக்கு மட்டும்தான் உரிமை இருக்கு." கொஞ்சத் தூரம் போனபின், "உம்மைக் கேட்ட கேள்வியும் பிழை" என்றார். அதை வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அதன் பிறகு மிஸ் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். எழுத்துப் போட்ட வாகனம் வீடுகளுக்குப் போகக் கூடாது, எங்கே சந்திக்க விருப்பம் என்று ஆளிடமே முதலில் கேட்க வேண்டும் என்றார். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒழுங்கையின் கடைசிக் கேள்விப் பதில்களை மற்றவற்றோடு ஒப்பிடக் கூடாது என்றும் சொன்னார். அதற்காகக் கோட்டின் நுனியில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டார்கள். அறிக்கையின் அடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில் விளக்கமும் போட்டார்கள். கோடு இறங்கியபடியே இருந்தது. பேராசிரியர் அந்தப் படத்தை எங்கெல்லாமோ கொண்டுபோய்க் காட்டினார் என்று கேள்வி.

விதியை மாற்றிவிட்டோம் என்று அந்த ஒழுங்கைச் சனத்துக்கு வீடு வீடாகச் சொன்னேன். "ஓம் பிள்ளை, நல்லது" என்றார்கள். அட்டையை நீட்டினால் விரல் பழைய இடத்துக்கே போனது. ஒரு வாகனத்தை மறக்கப் பண்ண எத்தனை சுற்றுப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ் ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். நான் இன்னும் இரண்டு சுற்று குணத்தின் விறாந்தையில் இருந்து, அவர் பொய் சொல்வதை அவருக்கும் எனக்கும் தெரியத்தக்கதாகப் பதிந்துகொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் ஆள் மெலிந்துகொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். பிறகு என் முழங்காலும் ஏலாமல் போய், வேலையும் முடிந்தது. உடம்புக் களைப்பு நித்திரை கொண்டால் போகும். இது அப்படிப் போகிற களைப்பு இல்லை.

இதுதான் அந்தக் கண்ணாடிப் பிள்ளைக்கு நான் சொல்லாமல் விட்டது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது வவுனியா பஸ் நின்றது. கண்டக்டர் "ஏறுங்கோ அம்மா" என்று கத்தினான். நான் எதிர்ப்பக்கம் போய் நின்று முரசுமோட்டை வழியாகப் போகும் புதுக்குடியிருப்பு பஸ்ஸில் ஏறினேன். ஏன் என்று கேட்டால், இனிமேல் அந்தக் கேள்வி தொலைபேசியில்தான் போகப் போகிறது என்ற நினைப்புத்தான். குணம் அதைத் தனியே இருந்து வாசித்து, தனியே ஒருநாளும் இல்லை என்று அழுத்திவிட்டு, தொலைபேசியை வைத்துவிடுவார். பொய் என்று தெரிந்த ஒரு ஆள் முன்னால் இருப்பதுகூட இனி இல்லை.

முரசுமோட்டையில் இறங்கி நொண்டி நொண்டி நடந்தேன். தண்ணீர்க் கதையை வழி முழுக்க ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனேன். குணம் வளவுக்குள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வந்து படலையில் கை வைத்தார். தலை நரைத்துப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை வருடம் என் வாயில் வராத சொல் வந்துவிட்டது.

"சுகமோ தம்பி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. இனி அவர் சுகம் என்பார், நானும் தண்ணீரைப் பற்றிக் கேட்பேன், தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவேன்.

குணம் படலையைத் திறக்கவில்லை.

"இல்லை அக்கா" என்றார்.

பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்து, "சுற்றுத் தொடங்கிட்டுதோ?" என்று கேட்டார்.

"நான் இப்ப வேலையில இல்லைத் தம்பி. அட்டையும் இல்லை."

"அப்ப ஆரிட்டையும் சொல்லத் தேவையில்லை."

"சொல்ல மாட்டன். ஆனா உங்களைக் கூட்டிக்கொண்டு போகாமலும் விடமாட்டன்."

அவர் படலையைத் திறந்தார்.

உள்ளே இருந்து அவர் சொன்னவற்றை இங்கே எழுதப் போவதில்லை. மற்றதை எழுதத்தான் அவரிடம் சம்மதம் கேட்டிருக்கிறேன். நான் கடைசிக் கேள்வியை என் சொந்த வாயால், எனக்கு வந்த சொற்களில் கேட்டேன். அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். "ஐயோ" என்றும் சொன்னேன். அழவும் செய்தேன். மனைவி வேலையால் வந்து, குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டு, வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தா.

கிளினிக் என்றதும் பழைய பயம் வந்தது. "ஒழுங்கையில கேட்டா என்ன சொல்லுறது?"

"கிளிநொச்சிக்குப் போக வேண்டாம். வவுனியாவுக்கு வாங்கோ. எனக்கு வியாழக்கிழமை முழங்காலுக்குக் கிளினிக் இருக்கு. கேள்விக்கார அக்காக்கு நடக்க ஏலாது, துணைக்குப் போறன் எண்டு சொல்லுங்கோ. என்ர எலும்பு டொக்டர் இருக்கிற அதே விறாந்தையிலதான் மற்ற டொக்டரும் இருக்கிறார்."

அவர் மனைவி, "நானும் லீவு போட்டிட்டு வாறன்" என்றா. "அக்காவுக்கு ரெண்டு முழங்கால்தானே?"

குணம் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கண்டு கன காலம்.

பஸ் நிற்குமிடம்வரை என்னோடு நடந்து வந்தார். வழியில் வயலுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. றோட்டுக்கு ஏறியதும் அவர் நின்றார்.

"நீங்கள் சுகமோ அக்கா?"

"முழங்கால்தான் தம்பி, மாரி வந்தா…"

"முழங்காலைக் கேக்கேல்லை."

எத்தனையோ வீடுகளில் இருந்து கேட்ட எனக்கு, யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று யாரும் பழக்கவில்லை. பரந்தன் பக்கம் போகிற பஸ் தூரத்தில் வந்தது. குணம் கையை நீட்டி அதை மறித்தார். நான் கம்பியைப் பிடித்து, நோகிற காலை முதலில் வைத்து ஏறினேன்.

"வியாழக்கிழமை வாங்கோ" என்றேன். "அங்க வரிசை பெரிசு. இருந்து பதிலைச் சொல்லுறன்."